கள்ளத்தோணி, சிலோன்காரி, வடக்கன்

இந்த எபிசோட ஒரு வாடகை வீட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

கன்னிவாடியில என் மாமாவுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கு. திருப்பூர் மாவட்டத்துலயும் ஒரு கன்னிவாடி உண்டு, குழப்பிக்காதீங்க. நான் சொல்றது திண்டுக்கல் மாவட்டத்துல, மலை அடிவாரத்துல இருக்கிற கன்னிவாடி. பொங்கலுக்கு நான் அங்க போயிருந்தப்ப மூணு பசங்க வீடு வாடகைக்குக் கேட்டு வந்தாங்க. மில்லுல வேலை, சொந்த ஊரு ஒடிசா. ஒருத்தன் மட்டும் கொஞ்சம் தமிழ் பேசினான். "அண்ணா, வீடு இருக்கா?"

"இல்லப்பா"ன்னு மாமா அனுப்பிட்டார். உள்ள வந்து எங்கிட்ட சொன்னார்: "வடக்கனுக்கு வீடு குடுத்தா அம்புட்டுத்தேன். இன்னைக்கு மூணு பேருன்னு வருவாய்ங்க, நாளைக்கு முப்பது பேரு இருப்பாய்ங்க."

நான் வாயத் திறக்கல. திறந்திருக்கணும். ஏன்னா எனக்கும் மாமாவுக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு. அந்த வீடு அம்மாச்சி வாங்கின வீடு. அம்மாச்சி 1970கள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல வந்து இறங்கினவங்க. மாமாவுக்கு அப்ப எட்டு வயசு. தெருவுல அம்மாச்சிக்குப் பேரே கிடையாது, சாகுற வரைக்கும் "சிலோன்காரி"தான்.

என் பங்குக்கும் ஒரு குற்றம் இருக்கு. இதே பாட்காஸ்ட்ல, ரயில்ல ரிசர்வேஷன் கோச்சுல ஏறுறவங்களைப் பத்தி நான் ஒரு 'வடக்கன்' ஜோக் அடிச்சிருக்கேன். எடிட் பண்ணும்போது கூட அதை வெட்டணும்னு தோணல. 2020ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்காக இன்ஸ்டாகிராம்ல கறுப்புக் கட்டம் போட்டவனும் நான்தான். இனவெறிங்கிறது அமெரிக்கால நடக்கிற ஒண்ணு, நம்ம ஊர்ல நடக்கிறதுக்குப் பேரு மீம்.

சரி, கப்பலுக்கு வருவோம். முதல்ல, நம்ம ஆளுங்க அங்க எதுக்குப் போனாங்க?

1820, 30கள்ல இருந்தே இலங்கை மலையில பிரிட்டிஷ்காரங்க காப்பி போட ஆரம்பிச்சாங்க. 1869க்கு அப்புறம் இலையில துரு மாதிரி ஒரு நோய் வந்து காப்பி அழிஞ்சது. அந்த இடத்துல தேயிலை வந்தது. காப்பிக்கு அறுவடை நேரத்துல மட்டும் ஆள் வேணும். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும், அதனால குடும்பத்தோட கொண்டுபோய் வச்சாங்க. ஆள் பிடிச்சது திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கங்கள்ல. திண்டுக்கல் அப்ப மதுரை ஜில்லாவுக்குள்ள. 1876-78 பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாத கிராமத்துல வந்து ஒரு கங்காணி முன்பணம் நீட்டினா, யார் வேண்டாம்னு சொல்லுவா?

அந்த முன்பணத்துலதான் எல்லாம் இருக்கு. போற வழிச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாத்தையும் கங்காணி தொழிலாளி கணக்குல எழுதுவான். தோட்டத்துக்குள்ள கால் வைக்கிறப்பவே கடன்காரன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொண்ணுக்குப் போகணும்னா, "இவ்வளவு கடன், கட்டினா விடுறேன்"னு துரை எழுதிக் குடுக்கிற ஒரு சீட்டு வேணும். அதுக்குப் பேரு 'துண்டு'. ஆரம்பத்துல மன்னார் கரையில இறங்கி மலை வரைக்கும் காட்டு வழியில நடந்தே போனாங்க. காலராவுலயும் பசியிலயும் எத்தனையோ பேர் வழியிலயே விழுந்தாங்க. 1914ல பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பலும் வந்த பிறகுதான் பயணம் சுலபமாச்சு.

நூறு வருஷம் போச்சு. பேரன், பேத்தி எல்லாம் அங்கயே பிறந்தாச்சு. 1947 தேர்தல்ல மலையகத் தமிழர்கள் ஓட்டுப் போட்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல இருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினாங்க. அதுதான் வினையாச்சு. 1948 பிப்ரவரியில இலங்கைக்கு சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். உங்க அப்பா இலங்கையில பிறந்தார்னு ஆதாரம் காட்டுங்கன்னாங்க. லயத்துல பிறந்தவங்கள்ல எத்தனை பேருகிட்ட பிறப்புச் சான்றிதழ் இருக்கும்? 1949ல ஓட்டுரிமையும் போச்சு. ஒரு பேனா, ஒரு வாக்கெடுப்பு, லட்சக்கணக்கான பேர் நாடற்றவங்க.

அப்ப அவங்க மேல ஒட்டின பேருதான் 'கள்ளத்தோணி'. அது திருட்டுத்தனமா படகுல வந்து இறங்கினவங்களைச் சொல்ற வார்த்தை. வெள்ளைக்காரன் சட்டப்படி கூட்டிட்டு வந்து, நாலு தலைமுறையா தேயிலை பறிச்சவங்களுக்கு அந்தப் பேரு. யாழ்ப்பாணத் தமிழர்கள்ல சிலர் கூட அவங்களை 'தோட்டக்காட்டான்'னு சொன்னாங்க. மொழி ஒண்ணுதான், சாமியும் ஒண்ணுதான், ஆனாலும். அதே சமயம், மலையக மக்களைக் கைவிட்டதை ஏத்துக்காம செல்வநாயகம் தமிழ் காங்கிரஸை விட்டு வெளிய வந்து 1949 டிசம்பர்ல தமிழரசுக் கட்சி தொடங்கினதையும் சேர்த்தே சொல்லணும்.

1964 அக்டோபர் 30, டெல்லி. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், மூணு லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கும். மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பேசிக்கலாம். 1974ல இந்திரா காந்தி அதை ஆளுக்கு 75,000ன்னு பாதியாப் பிரிச்சாங்க. சொத்துப் பாகம் பிரிக்கிறப்ப கூட வீட்டுல பெரியவங்களைக் கேப்பாங்க. இங்க அந்த மக்களை யாரும் கேக்கல.

எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்துற இடம் மண்டபம் முகாம். ராமேஸ்வரத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம்தான். ஒரு காலத்துல இலங்கைக்குப் போற கூலிகளைத் தங்க வச்சு, நோய் இருக்கான்னு பார்த்து அனுப்பின இடம் அது. திரும்பி வந்தவங்களை இறக்கி வச்சதும் அங்கதான். பூட்டன் போன வாசல் வழியாவே அம்மாச்சி உள்ள வந்திருக்காங்க. கையில ஒரு குடும்ப அட்டை குடுப்பாங்க. எந்த ஊருக்குப் போகணும், என்ன உதவி, எல்லாம் அதுல இருக்கும். சிலருக்கு நீலகிரியில டான்டீ தோட்டத்துல வேலை. சிலருக்கு நூல் மில். நிறைய பேருக்கு வியாபாரக் கடன். இது எனக்கு விளங்கவே இல்ல: வாழ்நாள் முழுக்கக் கொழுந்து மட்டும் எடுத்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, பார்த்தே இராத ஊர்ல கடை வைன்னு பணம் குடுத்தா என்ன நடக்கும்? புரோக்கருக்குப் பாதி போகும், மிச்சம் சோத்துக்குப் போகும். அதனாலதான் பல குடும்பங்கள் குடுத்த ஊரை விட்டுட்டு, தெரிஞ்ச குளிரைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏறினாங்க. அங்க மரம் வெட்டுற வேலை, பட்டை உரிக்கிற வேலை, மறுபடியும் முன்பணம்.

உங்க ஏரியாவுல ரெப்கோ பேங்க் போர்டு பார்த்திருப்பீங்க. அந்தப் பேரே 'ரிபேட்ரியேட்ஸ் கோஆபரேட்டிவ்'ங்கிறதோட சுருக்கம்தான். பர்மாவுலயும் இலங்கையிலயும் இருந்து தாயகம் திரும்பினவங்களுக்காக 1969ல தொடங்கினது. ஹோம் லோன் வாங்கின என் ஃப்ரெண்டுக்கே அது தெரியாது.

அம்மாச்சி கொஞ்ச காலம் மலையில இருந்துட்டு கன்னிவாடிக்கு இறங்கினாங்க. இங்க வீடு கேட்டப்ப, "சிலோன்காரங்களா? எந்த சாதின்னே தெரியாதே"ன்னு நாலு இடத்துல இல்லைன்னுட்டாங்களாம். மாமா பள்ளிக்கூடத்துல டீயை "தேத்தண்ணி"ன்னு சொல்லிட்டு ஒரு வருஷம் அந்தப் பட்டப்பேரைச் சுமந்திருக்கார். இப்ப அவர் வாயில அந்த வார்த்தை வரவே வராது. அம்மாச்சி மட்டும் கடைசி வரைக்கும் மாத்தல. மாமா வீட்டுக்கு யாராச்சும் வந்தா, சமையக்கட்டுல இருந்து அந்தக் குரல் வரும், "தேத்தண்ணி வைக்கட்டா?" மாமா முகம் சுருங்கும்.

இந்த ஊருக்கு வந்தவங்க யாருன்னு பார்த்தா கதை இன்னும் நீளும். கன்னிவாடி, மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்கள்ல ஒண்ணு. ஆண்டவங்க தெலுங்கு பேசுற கம்பளத்து நாயக்கர்கள். துரத்தல்ல இருந்து தப்பிச்சு ஓடி வர்றப்ப குறுக்க ஆறு வந்ததாம், கரையில நின்ன புங்க மரம் வளைஞ்சு பாலமா நின்னதாம். அப்படி ஒரு வாய்மொழிக் கதை அவங்ககிட்ட உண்டு. அகதிக் கதைதானே அது? திண்டுக்கல்லுக்கு 1755ல ஃபௌஜ்தாரா வந்தவர் மைசூர் ஹைதர் அலி. சௌராஷ்டிரா நெசவாளர்கள் இன்னும் வீட்டுல அவங்க மொழிதான் பேசுறாங்க. குதிரையில வந்தா 'ராஜா', ரயில்ல அன்ரிசர்வ்டுல வந்தா 'வடக்கன்'.

ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. "அவய்ங்க கம்மிச் சம்பளத்துக்கு வர்றாய்ங்க, நம்ம பொழப்பு போகுது"ன்னு மில் ஆளுங்க சொல்றதை வெறுப்புன்னு தள்ளிட முடியாது. கூலி குறையிறது நிஜமான பயம். ஆனா கூலியை நிர்ணயிக்கிறது அந்தப் பையனா? ஊர்ல முன்பணம் குடுத்து, ஆதார் கார்டை வாங்கி வச்சுக்கிட்டு, சம்பளத்துல பிடிச்சுக்கிற ஏஜென்ட் இருக்கானே, அவனை எங்கயோ பார்த்த மாதிரி இல்ல? நம்ம கங்காணிதான், கையில ஸ்மார்ட்ஃபோனோட.

வதந்தி எவ்வளவு வேகமா ஓடும்னு 2023 மார்ச்ல பார்த்தோம். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளைக் கொல்றாங்கன்னு வீடியோ பரவுச்சு. ஒண்ணு பீகார் தொழிலாளிகளுக்குள்ளயே நடந்த அடிதடி, இன்னொண்ணு உள்ளூர்க்காரங்க சண்டைன்னு டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் குடுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி வச்சது. அதுக்குள்ள பயந்துபோய் ரயில் ஏறினவங்க உண்டு. வீடியோ பொய்தான். ஆனா அதை ஏன் அவ்வளவு பேர் நம்பினாங்க? தினம் பஸ்லயும் டீக்கடையிலயும் அவங்க காதுல விழுற வார்த்தை பொய் இல்லையே. 1966ல பம்பாய்ல சிவசேனா தொடங்கினப்ப லுங்கியைக் கிண்டல் பண்ணி நம்ம ஆளுங்க மேல கோஷம் போட்டாங்க. அந்தக் கதையைச் சொல்றப்ப மட்டும் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு டிரங்குப் பெட்டியில இருந்து அம்மாச்சியோட குடும்ப அட்டையை எடுத்து மாமாகிட்ட குடுத்தேன். அதுல எட்டு வயசுப் பையனா அவர் பேரும் இருக்கு. ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க தமிழாளுக மாப்ள, சொந்த ஊருக்கு வந்தோம். அதுவும் இதுவும் ஒண்ணா?"ன்னார். "சொந்த ஊர்லயே வீடு கிடைக்கலையே மாமா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லல, அட்டையைத் திருப்பியும் தரல. சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

போன வாரம் அத்தை ஃபோன்ல சொன்னாங்க: வீடு இன்னும் காலியாத்தான் கிடக்காம். அந்தப் பசங்க மில் ஹாஸ்டல்லயே இருக்காங்களாம். மாமா இந்த எபிசோட கண்டிப்பா கேப்பார், கேட்டுட்டு எனக்கு ஃபோன் போடுவார். என்ன திட்டுனார்னு அடுத்த வாரம் சொல்றேன். அடுத்தது பர்மா.