கருவில் பதிந்த பட்டினி

நம் உடற்கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்தப் பரம்பரை அலகு இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதே முளையக் கலமொன்றை நரம்பாகவோ தசையாகவோ வியத்தமாக்குகிறது. அடக்கிவைக்கும் அடையாளங்களில் ஒன்று டி.என்.ஏ.யில் ஒட்டும் மெதைல் கூட்டம். தாயின் உணவும் இதில் கைவைக்கும்.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்கே ஜேர்மன் படைகள் உணவுப் போக்குவரத்தை மறித்தன. பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் உருவானவர்களை அவர்களின் சகோதரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. அறுபது ஆண்டு கழிந்தும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 அலகில் மெதைல் குறைவாகவே இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பட்டினி கண்டவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை.

2009இல் கஞ்சியோடு நாள் கடத்திய வன்னித் தாய்மாரை நினைக்காமல் இதை என்னால் வாசிக்க முடிவதில்லை. ஆனால் ஆய்வு கண்டது குழுச் சராசரியில் ஒரு சிறு வேறுபாடு. தனியொரு பிள்ளைக்கு நோய் வருமென்று அது சொல்லவில்லை.