கோங்கமும் ஏட்டுச்சுவடியும்

மலைவளங் கூறுமிடத்துத் தேவாரத் திருப்பதிகங்கள் வேங்கையோடும் குரவத்தோடும் கோங்கினையும் எடுத்தோதுகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அம்மலர் யாதென வினவுவார்க்கு ‘மரவிசேடம்’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. மடத்திற் பாடங்கேட்ட நாளில் யாமும் அவ்வளவில் அமைந்தோம்.

இக்காலத்து மரவாணிகர் கோங்கென வழங்குவது ஹோபியா இனத்தது; மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் என்றும் பசுமை மாறாது நிற்பது; அதன் மலர் மிகச் சிறிது. அதனையே பண்டைக் கோங்கமெனக் கொள்வாருமுளர். அது பொருந்தாது. குறுந்தொகை 254-ஆம் செய்யுள், இலையற்ற கிளையில் வண்டினம் ஆரவாரிக்க, மகளிர் கொங்கையை ஒத்த கோங்கின் அரும்பு அவிழ்தலைக் கூறுகின்றது. மாசி பங்குனியில் இலையெலாம் உதிர்த்து, வறண்ட மலைச்சரிவில் உள்ளங்கை அளவான பொன்னிற மலர்களை ஏந்தி நிற்பது மஞ்சள் இலவு என்னும் மரமேயாம். லின்னேயசு 1753-இல் இதற்கிட்ட பெயரின் பிற்கூறு ‘ரிலிஜியோசம்’. சமயத்திற்குரியது என்பது பொருள். இஞ்ஞான்று தாவரநூலார் கோக்ளோஸ்பெர்மம் ரிலிஜியோசம் என்பர். இலங்கையிற் சிங்களர் கினிஹிரியா என வழங்குவதும் இதுவே.

மலரை அறிதலாற் பாடம் துணிதற்கு வரும் பயன் பெரிது. எகர ஒகரங்கள் புள்ளி பெறுமெனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதுவோர் புள்ளியிட்டிலர். குறிலும் நெடிலும் வடிவால் வேறுபட்டது வீரமாமுனிவர் (1680–1747) செய்த திருத்தத்தின் பின்னரே. ஆகவே, கோங்கு என்னும் மரப்பெயரும், தேனையும் பூந்தாதையும் உணர்த்தும் கொங்கு என்னுஞ் சொல்லும் பழஞ்சுவடியில் ஒரே வடிவின. யாப்பும் உதவாது, குறிலொற்றும் நேரசை, நெடிலொற்றும் நேரசை. எதுகையில் நின்றவிடத்து மட்டும் முதலெழுத்தின் அளவு ஒத்தல் வேண்டுதலின் ஐயம் நீங்கும். அடியின் இடையிலோ?

ஆண்டுப் பருவம் நோக்குக. முல்லை மலரும் கார்காலத்துச் சோலைக்கு அடையாய் வரின், அப்பொழுது கோங்கு மலராமையின், கொங்கு எனக் கொள்ளலே நேரிது. குரவம் முதலிய இளவேனிற் பூக்களோடு எண்ணப்படின் கோங்கெனத் துணியலாம். பதிப்பிற் கண்டவாறே ஓதிவரும் அன்பர் இதனாற் சினவாதிருப்பாராக. யாமும் மாற்றி ஓதுகவென்று கூறவில்லை, உரை காண்பார்க்கே கூறுகின்றோம். மலையருவி அகிலும் சந்தனமும் வேங்கையும் உடன் உந்திவரும் என்னுமிடத்து இவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. ஆங்கு வருவது மரம், தேனன்று.