வண்ணப்பிரிகை முறையும் திருப்பூர்ச் சாயமும்

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியான அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அதைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள் உள்ளன. பாத்திரம் வாங்கும்போது தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு அதை மதிப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சாயமிட்ட துணியை அப்படி மதிப்பிட முடியாது. ஒரே சிவப்பாகத் தெரியும் இரண்டு பனியன்களில் ஒன்றை ஜெர்மனியில் விற்கலாம், மற்றொன்றை விற்கக் கூடாது என்ற நிலை ஏற்படலாம். இந்த வேறுபாடு கண்ணுக்கோ கைக்கோ தெரியாது. அதைக் காட்டுவது வண்ணப்பிரிகை முறை எனப்படும் வேதியியல் பகுப்பாய்வு முறை. அதன் வரலாற்றையும், அது பின்னலாடைத் தொழிலுக்குள் வந்த விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிறத்தில் பிறந்த முறை

வடிதாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தாளின் நுனியைத் தண்ணீரில் நிறுத்தினால், நீர் ஏற ஏறக் கறுப்பு மை நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பிரிவதைக் காணலாம். பள்ளியில் செய்யும் இந்த எளிய சோதனையில் வண்ணப்பிரிகையின் தத்துவம் முழுவதும் அடங்கியுள்ளது. தாள் அசையாமல் நிற்கிறது. அது நிலையான நிலைமை. நீர் நகர்கிறது, அது நகரும் நிலைமை. தாளோடு அதிகம் ஒட்டும் மூலக்கூறு பின்தங்கும். நீரோடு அதிகம் சேரும் மூலக்கூறு முன்னே செல்லும்.

இதை ஓர் ஆய்வு முறையாக வளர்த்தவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் (1872–1919). வார்சாவில் பணியாற்றிய அவர், கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை அடைத்து, இலைச்சாற்றை அதன் வழியே வடியவிட்டார். பச்சையாகத் தெரிந்த சாறு பச்சை, மஞ்சள் வளையங்களாகப் பிரிந்தது. 1903இல் இது குறித்து உரையாற்றினார். 1906இல் வெளியிட்ட கட்டுரைகளில் அம்முறைக்கு ‘நிறத்தை எழுதுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். ரஷ்ய மொழியில் ‘ஸ்வெட்’ என்றாலே நிறம் என்று பொருள். அக்காலத்து வேதியியலாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வெட் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1931இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்ட் கூன், எட்கர் லெடரர் முதலியோர் இம்முறையை மீண்டும் கையில் எடுத்த பிறகே அது பரவியது.

ஜவுளி ஆய்வகத்தில் வளர்ச்சி

இம்முறையின் அடுத்த பெரிய வளர்ச்சி ஒரு ஜவுளி ஆய்வகத்தில் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றிய ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிங் ஆகியோருக்குக் கம்பளிப் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஈரமேறிய சிலிக்கா ஜெல்லை நிரப்பிய குழாயில் குளோரோஃபார்மைச் செலுத்தி, 1941இல் பங்கீட்டு வண்ணப்பிரிகை முறையை வெளியிட்டனர். நிறமற்ற பொருள்கள் குழாயில் எங்கே நிற்கின்றன என்பதைக் காட்ட அவர்கள் பயன்படுத்திய நிறங்காட்டி, நம் பள்ளி ஆய்வகங்களில் உள்ள மெத்தில் ஆரஞ்சு. அது ஓர் அசோ சாயம். பின்னாளில் இதே முறையின் பெரும் சோதனைப் பொருளாக ஆனவையும் அசோ சாயங்களே.

1944இல் அதே ஆய்வகத்திலிருந்து தாள் வண்ணப்பிரிகை வந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாததால் அது உலகெங்கும் பரவியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. வி. கிரியும் அவருடைய குழுவினரும் 1950களில் வட்டத்தாள் வண்ணப்பிரிகையைப் பயன்படுத்தி அமினோ அமிலங்களைப் பிரித்தறிந்தனர். 1952இல் மார்ட்டினும் சிங்கும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் ஏ. டி. ஜேம்ஸுடன் சேர்ந்து வாயு வண்ணப்பிரிகையை மார்ட்டின் வெளியிட்டார்.

பிரித்தால் மட்டும் போதாது. பிரிந்தது இன்னதென்று அடையாளமும் காண வேண்டும். அதற்கு நிறை நிறமாலைமானி உதவியது. இது மூலக்கூறை அயனியாக்கி, துண்டுகளாக உடைத்து, அவற்றின் நிறையை அளக்கும் கருவி. 1950களின் நடுவில் வாயு வண்ணப்பிரிகைக் கருவியையும் இதையும் அமெரிக்காவில் இணைத்தனர். இன்றைய ஆய்வகங்களில் துணிச் சோதனைக்குப் பயன்படுவது இந்த இணைப்பின் வழித்தோன்றலே.

சாயமும் நோயும்

அசோ சாயங்களுக்கு வழிவகுத்த வினையை பீட்டர் கிரீஸ் 1858இல் கண்டறிந்தார். 1884இல் காங்கோ சிவப்பு உருவாக்கப்பட்டது. நிறம் பிடிக்கத் துணையாகச் சேர்க்கும் உப்புகள் இல்லாமலே பருத்தியில் நேரடியாக ஏறும் சாயம் அது. பருத்தித் துணிக்கு இது பெரிய வசதி. ஆனால் அது பென்சிடின் என்ற அமீனிலிருந்து செய்யப்பட்டது.

1895இல் பிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரென், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் இருப்பதை அறிவித்தார். பென்சிடின், 2-நாப்தைலமீன் போன்ற அமீன்களே புற்றுநோய்க்குக் காரணம் என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியாயிற்று. இத்தகைய அமீன்களிலிருந்து செய்த சாயம் உடலுக்குள் சென்றால், அசோ பிணைப்பு உடைந்து அதே அமீன் மீண்டும் வெளிப்படக்கூடும்.

சட்டம் வந்த வழி

1994இல் ஜெர்மனி, தோலோடு நெடுநேரம் படும் ஆடைகளில் இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. அங்கே ஏற்றுமதி செய்துவந்த இந்திய ஜவுளித் தொழிலுக்கு அது பெரும் சோதனையாக அமைந்தது. இந்திய அரசின் தடை 1997 அறிவிக்கையோடு மொத்தம் 112 சாயங்களை எட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 150 கிராம் எடையுள்ள பனியன் என்றால் 4.5 மில்லிகிராம்.

இரு அணுகுமுறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்தியா சாயங்களின் பெயரைப் பட்டியலிட்டது. ஐரோப்பா, சாயம் உடைந்தால் வரும் அமீன்களைப் பட்டியலிட்டது. சாயங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வணிகப் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். அமீன்களோ சில மட்டுமே. மில்லிகிராம் அளவில் அமீன்களைப் பிரித்தறியும் முறை இல்லாதிருந்தால், அப்படியொரு சட்டத்தை எழுதியிருக்கவே முடியாது.

சோதனை நடக்கும் விதம்

ஏறத்தாழ ஒரு கிராம் துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இலேசான அமிலத்தன்மையுள்ள கரைசலில் 70 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அதில் சோடியம் டைதயோனைட் சேர்ப்பார்கள். சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று சொல்வது இதைத்தான். பட்டறையில் சாயத்தை உரிக்கப் பயன்படும் அது, இங்கே அசோ பிணைப்பை உடைத்து அமீனை விடுவிக்கிறது. அமீனைப் பிரித்தெடுத்துக் கருவிக்குள் செலுத்தினால், ஒவ்வொரு அமீனும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். பென்சிடின் என்றால் நிறைமானியில் 184 என்ற நிறை தெரியும்.

நிறை மட்டும் போதுமா? போதாது. 2-நாப்தைலமீனின் நிறை 143. தடைப்பட்டியலில் இல்லாத 1-நாப்தைலமீனின் நிறையும் 143. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது, அவை வெளிவரும் நேரம். அதனால் ஐயம் வரும்போது வேறொரு முறையாலும் சரிபார்த்த பின்பே முடிவு எழுத வேண்டும். ஒரு தவறான முடிவு ஓர் ஆர்டரையே நிறுத்திவிடும். கோவையில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், திருப்பூரில் உள்ள மத்திய அரசின் டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி ஆய்வகம், தனியார் ஆய்வகங்கள் ஆகியவை இன்று துணிச் சோதனைகளைச் செய்கின்றன.

யாருக்கான சோதனை?

எந்தச் சோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். அமீன் சோதனையில் தேறிய பனியன், அதற்குச் சாயமிட்ட நீர் எங்கே போனது என்று சொல்லாது. சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்டது. கழிவுநீரை அறவே வெளியேற்றக் கூடாது என்ற விதி நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அங்கே முதன்மைச் சிக்கல் நீரில் கரைந்த உப்பு. அதை அமீன் சோதனை தேடுவதே இல்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1895இல் நோயுற்றவர்கள் துணி உடுத்தியவர்கள் அல்லர். சாயம் செய்த தொழிலாளர்கள். நூறு ஆண்டு கழித்து வந்த சோதனை, உடுத்துபவரின் துணியிலிருந்து தொடங்குகிறது. தடை செய்த சாயம் பட்டறைக்குள் வராமல் நின்றால், சாயப்பொடியை எடை போட்டுக் கலக்கும் தொழிலாளிக்கும் அது காவல்தான். ஆனால் துணியில் வரம்பு வைத்த அளவுக்கு, அவர் மூச்சிலும் கையிலும் படுவதை அளந்து பார்க்கும் அக்கறையும் வேண்டும். அதைச் செய்வதற்குரிய பிரித்தறியும் முறைகள் இன்று நம்மிடம் உள்ளன.