குலமும் அரசும்: மொன்ரிநீக்ரோ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசு தோன்றுவதற்குக் குலப்பற்று அழிதல் வேண்டும் என்பர். பால்கன் மலைநாடான மொன்ரிநீக்ரோவின் வரலாறு இக்கருத்துக்கு முற்றிலும் இசைவதன்று. அங்கு எழுந்த அரசு குலங்களை அழிக்காது, அவற்றின் தலைவர்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆதலின் குலப்பகை மறையவில்லை; களமே மாறியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேய்ச்சல் நிலத்தின் பொருட்டும் குருதிப்பழியின் பொருட்டும் குலங்கள் தம்முட் பொருதன. 1697 முதல் பெற்றோவிச் குடும்பத்து ஆயர்களே நாட்டின் தலைவர்களாயினர். அவர்கள் துறவிகளாதலின் தலைமை உடன்பிறந்தார் மக்கள் போன்ற உறவினர்க்குச் சென்றது. முதலாம் பீற்றர் 1798இல் சட்டக்கோவையொன்றை ஏற்படுத்தினார். எனினும், அதனை நடைமுறைப்படுத்தும் படை அவரிடமில்லை. சமாதானம் பேசுதலும் சாபமிடுதலுமே அவர் கையிலிருந்த கருவிகள்.

அவர்பின் வந்த இரண்டாம் பீற்றர் நியேகோஷ் வேறு வழியை நாடினார். ஆளுநர் பதவியைப் பரம்பரையாக வகித்த றடோனிச் குடும்பம் பெற்றோவிச்சுகளின் நியேகுஷி குலத்தையே சார்ந்தது. ஒஸ்திரியாவுடன் தொடர்புகொண்டதாகக் குற்றஞ்சாட்டி, 1830இல் அக்குடும்பத்தின் பதவியை அவர் பறித்தார். அடுத்த ஆண்டு மூதவை அமைந்தது. அதில் அமர்ந்த குலத்தலைவர்கள் ருஷ்ய மானியத்திலிருந்து வேதனம் பெற்றனர்.

1852இல் ஆயர் பதவியைத் துறந்து உலகியல் இளவரசரான டனிலோ, 1855இல் புதிய சட்டக்கோவையை வெளியிட்டார். வரி செலுத்த மறுத்த கூச்சி குலத்தின்மீது 1856இல் அவர் ஏவிய படை, பெண்களையும் குழந்தைகளையுங்கூடக் கொன்றது. குலங்களிடையே பழிவாங்கலைத் தடைசெய்த அரசே குலமொன்றைப் பழிவாங்கியமை ஈண்டுக் கருதத்தக்கது. 1860இல் கோற்றோர் நகரில் பியெலோபாவ்லிச்சிக் குலத்தவன் ஒருவன் டனிலோவைச் சுட்டுக் கொன்றான்.

அடுத்து ஆண்ட நிக்கலஸ் குலத்தலைவர்களைப் பதவிகளாற் பிணைத்தார். ஆயினும், 1876-1878 போரிற் புகழெய்திய கூச்சித் தலைவர் மார்க்கோ மிலியானொவ் அவருடன் முரண்பட்டு அரசவையினின்றும் விலகினார். 1910இல் நிக்கலஸ் மன்னராக முடிசூடினார். 1918இல் பொட்கொரிற்சாப் பேரவை அவரை நீக்கி, சேர்பியாவுடன் இணையத் தீர்மானித்தது. 1919 சனவரியில் இணைப்பை எதிர்த்த 'பச்சையர்' கிளர்ந்தெழுந்தனர். செற்றின்யேயைச் சூழ்ந்த பழைய குலநிலங்கள் இவர்களுக்கும், வாசொயெவிச்சி முதலிய மலைக்குலங்கள் இணைப்பை ஆதரித்த 'வெள்ளையருக்கும்' பெரும்பாலும் அரணாயின.

குலத்தலைவர்களைப் பதவியால் வென்ற அரசு, குலங்களுக்கிடையே நம்பிக்கையை வளர்க்கத் தவறியது. 1918இன் பிளவுக்கு வெளியார் தலையீடு மட்டுமன்றி, இக்குறையும் காரணமாகும்.