கத்தியில் தொடங்கிய பாடம்

தச்சு பழக என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் மேசை செய்யத்தான் ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது நேஸ் பண்ணையின் கதை.

பின்லாந்து 1866-இல் நாட்டுப்புறப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கைவேலையைக் கட்டாயமாக்கியது. கல்வியாளர் ஊனோ சிக்னேயஸின் விடாமுயற்சி அது. அந்த எண்ணத்தை ஸ்வீடனில் வளர்த்தவர் ஓட்டோ சாலமன். கோத்தன்பர்க் அருகே நேஸில், மாமா ஆகஸ்ட் ஆபிரகாம்சனின் பொருளுதவியோடு, பல நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார். ரம்பம், இழைப்புளி எல்லாம் பிறகு, முதலில் கத்தி. சிறு குச்சி செதுக்குவதில் தொடங்கிக் கரண்டி, கருவிக் காம்பு எனப் படிப்படியாக ஏறவேண்டும். செய்த பொருள் வீட்டில் புழங்கவேண்டும், முழுக்கக் குழந்தையின் கைவேலையாகவும் இருக்கவேண்டும். அம்மாவுக்கென்று கரண்டி செதுக்கும் பிள்ளை அவசரப்படுவதில்லை. நான் கண்கூடாகப் பார்த்தது.

நண்பருக்குப் பரிசு செய்ய நினைக்கிறீர்களா? ஒரு துண்டு பூவரசங்கட்டையும் கூரான கத்தியும் போதும், கரண்டியில் தொடங்குங்கள்.