வாயு என்றும் மாரடைப்பு என்றும்

நெஞ்சில் எழும் வலிக்குத் தமிழ் வீடுகளில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வாயு, மற்றொன்று மாரடைப்பு. முன்னதற்கு ஓமநீர், பெருங்காயம், சோடா எனக் கைவைத்தியம் பல. பின்னதற்கு வீட்டில் மருந்தில்லை. ஆகவே அந்தப் பெயரை உச்சரிக்கவே அஞ்சுகிறோம். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். மாரடைப்பு மருத்துவத்தின் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கையில், அது இந்த இரண்டாவது பெயரை உரிய நேரத்தில் சொல்லக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார் அடைபடுவதாக நோயாளி உணர்வதைச் சொல்லும் சொல் மாரடைப்பு. அடைபடுவது இதயத்தமனி என்பதை அறிந்து இட்ட பெயரன்று. அதை வைத்து முன்னோர் பெருமை பேசவும் இடமில்லை. மேலை மருத்துவமும் அந்த அடைப்பை நெடுங்காலம் பிணக்கூறாய்வு மேசையில்தான் கண்டது. உயிரோடிருப்பவரிடமே இந்நோயை இனங்காணலாம் என்று கீவ் நகர மருத்துவர் இருவர் 1910-இலும், சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இலும் எழுதினர். தமனி திடீரென அடைபட்டும் ஒருவர் பிழைக்கக்கூடும் என்பதே ஹெரிக் சொன்ன புதுச்செய்தி. அதற்கு உடனே செவிசாய்த்தவர் சிலரே. லெய்டன் நகரில் ஐந்தோவன் உருவாக்கிய இ.சி.ஜி. கருவி, நோயின் தடத்தைக் காகிதத்தில் காட்டத் தொடங்கிய பின்னரே மருத்துவ உலகம் அதை ஏற்றது.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சையாக இருந்தது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று லெவினும் லௌனும் 1952-இல் சொன்னதே துணிச்சலாகக் கருதப்பட்டது. தமனியில் காணப்படும் ரத்தக்கட்டி நோய்க்குக் காரணமா, விளைவா என்ற ஐயமும் எழுபதுகள் வரை தீரவில்லை. வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் தமனிகளைப் படமெடுத்துப் பார்த்த டிவுட் குழுவினர், 126 பேரில் 110 பேருக்கு முழு அடைப்பு இருந்ததை 1980-இல் வெளியிட்டனர். வழக்கு அத்துடன் ஏறத்தாழ முடிந்தது.

கட்டிதான் காரணம் என்றால் அதைக் கரைக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் பழைய மருந்துக்கு மறுவாழ்வு வந்தது. 1988-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 17,187 பேர் பங்கேற்றனர். அம்மருந்தும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தோர் நூற்றுக்கு 8. இரண்டும் பெறாதவர்களில் 13. எளிய ஆஸ்பிரின் தனித்தே உயிர்காத்தது என்பது அந்த ஆய்வின் வியப்பு. அடைபட்ட தமனியை நம்பியுள்ள இதயத்தசை, ஒரு மணி நேரம் ஆவதற்குள்ளாகவே மடியத் தொடங்கிவிடும். ஆதலால் எந்த மருந்து என்பதைப் போலவே எத்தனை மணிக்கு என்பதும் முக்கியமாயிற்று.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. இந்தியாவின் முதல் இதயத்தமனி பைபாஸ் அறுவையை கே.எம். செரியன் 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தார். சூரிச்சில் 1977-இல் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்த குருன்ட்ஸிக்கிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-இல் அச்சிகிச்சையை இந்தியாவில் தொடங்கிவைத்தார். அவ்விருவரும் 2025-இல் மறைந்தனர். மாரடைப்பு நேரும்போதே பலூனால் தமனியைத் திறப்பது கரைப்பு மருந்தினும் மேல் என்பதை 1993-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் அதற்குரிய கூடம் எங்கே இருக்கிறது? கோட்டூர்புரத்தில் வசிப்பவருக்கு அடையாற்றின் இருகரையிலும் சில கிலோமீட்டருக்குள் மருத்துவமனைகள் உண்டு. தருமபுரி மலையடிவாரத்துச் சிற்றூரில் இருப்பவருக்கு? இக்கேள்விக்கு விடைதேடிய முயற்சி 2012 முதல் 2014 வரை தமிழகத்தில் நடந்தது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசரி ஆகியோர் முன்னின்றனர். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நான்கு தொகுதிகள் அமைத்தனர். சிற்றூரில் எடுத்த இ.சி.ஜி. தொலைவிலுள்ள நிபுணரின் பார்வைக்குச் சென்றது. அருகிலேயே கட்டியைக் கரைத்து, பின் ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்தனர். 2,420 நோயாளிகளைக் கணக்கிட்டதில், ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்குதான். எனினும் நூற்றுக்கு மூவர் என்பது சிறிய எண்ணன்று.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இன்னும் ஒரு படி கீழிறங்கி வந்தது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் முதல் தவணையாக இவற்றைக் கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பிணக்கூறாய்வு மேசையில் தொடங்கிய நோயறிதல் இப்படி நம் ஊர் சுகாதார நிலையம் வரை நடந்து வந்துவிட்டது. எஞ்சியிருப்பது வீட்டு வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே வர மருத்துவத்தால் இயலாது; நாம்தான் வெளியே செல்ல வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவுள்ளோருக்கும் கடும் வலியின்றி, மூச்சுத்திணறலும் வியர்வையும் குமட்டலுமாகவே இந்நோய் வருவதுண்டு. வாயு என்று எளிதில் ஏமாறும் இடம் அது. நெஞ்சில் எழுவது வாயுவா, மாரடைப்பா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது இ.சி.ஜி.யும் மருத்துவரும். சோதித்தபின் வாயுதான் என்று தெரிந்து திரும்பினால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. விடியட்டும் என்று காத்திருந்த வீடுகளில் பல, அந்த விடியலை அழுகுரலோடுதான் கண்டன.