புருவம் உயர்ந்தால் ‘ஆம்’: பிலிப்பினோக்களின் முகமொழி

மணிலாவில் ஒரு பெட்டிக்கடையில் “தண்ணீர் போத்தல் இருக்கிறதா?” என்று கேட்டால் சில நேரம் வாயிலிருந்து பதிலே வராது. கடைக்காரர் இரு புருவங்களையும் ஒரு கணம் தூக்கி இறக்குவார், அவ்வளவுதான். காதில் விழவில்லை போலும் என்று வெளிநாட்டவர் குரலை உயர்த்தி மீண்டும் கேட்பார். மீண்டும் புருவம் உயரும். மூன்றாம் முறை கேட்பதற்குள் இரு பக்கமும் எரிச்சல். உண்மையில் முதல் முறையே பதில் கிடைத்துவிட்டது: இருக்கிறது.

தெருவில் தெரிந்தவர் எதிர்ப்பட்டாலும் இதே புருவம்தான் வணக்கம் சொல்லும். தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சம்மதம் சொல்லும் நம்மவர் பழக்கம் மற்றவர்களைக் குழப்புவது போலத்தான் இதுவும். முகத்துக்குத் தகாலோக் மொழியில் ‘முக்ஹா’ என்று பெயர். சமஸ்கிருத வேர் கொண்ட அந்தச் சொல், மலாயில் முகத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் தமிழின் முகத்துக்கும் உறவு.

அடுத்து உதடு. வழி கேட்டால் விரலை நீட்டாமல், உதட்டைக் குவித்து அந்தத் திசையைக் காட்டுவார்கள். கண்ணும் கூடவே அங்கே போகும். புதிதாகப் பார்ப்பவர், குறிப்பாகப் பெண், இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கை நிறையச் சாமான் வைத்திருப்பவருக்கு இது வசதி. மனிதரை நோக்கி விரல் நீட்டுவது மரியாதைக் குறைவு என்பதும் ஒரு காரணம்.

ஒருவரை அழைக்க, மலேசியாவில் செய்வது போலவே உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை அசைக்க வேண்டும். ஒற்றை விரலை மடக்கி ‘வா’ என்பது நாயைக் கூப்பிடுவதற்கு ஒப்பாகும். ‘ப்ஸ்ஸ்ட்’ என்ற ஒலியும் எங்கும் கேட்கும். கூட்டத்தில் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்க அது போதும். ஆனால் வெளிநாட்டவர் அதைப் பின்பற்றாமல் இருப்பதே நல்லது. தெருவில் பெண்களைச் சீண்டி அழைப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே குற்றமாக்கியுள்ளது. உணவகத்தில் கணக்கு கேட்க இரு கை விரல்களால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தால் போதும்.

பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது ‘மானோ’. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கை என்று பொருள். வயதான விருந்தினர் ஒருவரின் கையைப் பிள்ளைகள் இப்படிப் பற்றினால், கைகுலுக்க வருகிறார்கள் என்று எண்ணிக் குலுக்கவோ இழுத்துக்கொள்ளவோ வேண்டாம். புறங்கையைத் தளர்வாகக் கொடுத்தால் போதும். பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையே நடக்க நேர்ந்தால் உடலைச் சற்றுக் குனிந்து, கையை முன்னே நீட்டிப் போவார்கள். மலாய்க் கம்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

படமெடுக்கும்போது விரல்களில் கவனம் தேவை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ‘எல்’ வடிவம் காட்டுவது, 1986இல் மார்கோஸ் ஆட்சியைக் கவிழ்த்த மக்கள் சக்தி எழுச்சியின் அடையாளம். மடக்கிய முஷ்டி 2016இல் அதிபரான டுட்டர்டே ஆதரவாளர்களின் அடையாளம். வேடிக்கைக்குச் செய்தாலும் கட்சி சேர்ந்ததாகிவிடும்.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது சிரிப்பு. புன்னகைக்கு அவர்கள் சொல் ‘ஙிதி’. தமிழில் சொல்லின் முதலில் அரிதாகவே வரும் ங அங்கே சர்வசாதாரணம். மகிழ்ச்சிக்கு மட்டுமல்ல, தர்மசங்கடத்துக்கும் பயத்துக்கும் மன்னிப்புக்கும் அவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்ட பணிப்பெண் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தால், “செய்ததையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறா?” என்று நம் வீடுகளில் குரல் எழும். அவர் முகத்தில் இருப்பது திமிர் அல்ல, ‘ஹியா’ எனப்படும் கூச்சமும் அவமானமும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மற்றவர் முன்னிலையில் திட்டினால் அந்தக் காயம் ஆறுவது கடினம். அங்கே இடுப்பில் கை என்றாலே கோபம், சவால். திட்டு வாங்கும்போது கண்ணைத் தாழ்த்துவதும் பொய்யின் அடையாளமல்ல, பெரும்பாலும் மரியாதைதான்.

‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அவர்களுக்குக் கடினம். ‘முயன்று பார்க்கிறேன்’ என்று இழுத்தால் அது மறுப்பாகவும் இருக்கலாம். ஸ்பானியத்தில் ‘உறுதி’ என்று பொருள்படும் சொல் தகாலோக்கில் ‘சிகூரோ’ ஆகி ‘ஒருவேளை’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு மறுநாள் வேலை முடிந்திருக்கும் என நம்பும் மேற்பார்வையாளர் ஏமாறுவார். 1970களில் பிலிப்பினோ உளவியல் என்ற சிந்தனையை வளர்த்தெடுத்த வர்ஜிலியோ என்ரிக்கேஸ், எதிரில் இருப்பவரின் உள்ளத்தைச் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும் ‘பாக்கிகிராம்தாம்’ என்ற பண்புக்கு முக்கிய இடம் தந்தார். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு வெளிநாட்டவர் மீதும் விழுகிறது.

அந்த எதிர்பார்ப்பு பொய்த்தால் வருவது ‘தம்போ’. நம்முடைய ஊடலுக்கு மிக நெருங்கியது, ஆனால் காதலர்க்கு மட்டும் உரியதல்ல. நண்பர், உடன் வேலை செய்பவர், வீட்டுப் பணிப்பெண் என்று நெருக்கம் உள்ள எவரும் தம்போ கொள்ளலாம். பேச்சு குறையும், பார்வை விலகும். சற்று முற்றினால் கதவும் பாத்திரமும் சத்தமாகப் பேசும். அதற்கு ‘டாபோக்’ என்று தனிப் பெயரே உண்டு. “என்ன கோபம்?” என்று நேரடியாகக் கேட்டால் “வாலா” என்பார்கள், அதாவது ஒன்றுமில்லை. அந்தப் பதிலை நம்பி விட்டுவிடுவதும் தவறு, காரணத்தைத் துருவித் துருவிக் கேட்பதும் தவறு. ஏதாவது தின்பண்டம் வாங்கிக் கொடுத்து, “குமாயின் கா நா பா?” என்று கேட்டுப் பார்க்கலாம். சாப்பிட்டாயா என்று பொருள். புருவம் மெல்ல உயர்ந்தால் பாதிக் கோபம் போய்விட்டது.